பச்சை அட்டையைச் சும்மா விட்டவர்

அன்றைக்கு மாடி அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். டைரக்டர் அம்மா. கணக்கு அதிகாரி. நண்டுப் பேராசிரியர். டை கட்டிய கம்பெனிக்காரர் ஒருவர். எங்கள் லைப்ரரியன் சும்மா சார். சமோசாத் தட்டோடு நான். ஒரு ஏசியும் இருந்தது. அது வேலை செய்யவில்லை.

அந்த அறையில் நடந்தது புரிய வேண்டுமென்றால் முதலில் சும்மா சாரைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் ஒரு லைப்ரரியன் கடைசி நாள் வரை எந்தப் புத்தகத்தையும் பூட்டி வைக்காமல் ஓய்வு பெற்றிருக்கிறார் என்றால் அது இவர் ஒருவர்தான். எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

அடையாற்றில், ஆறு கடலைத் தொடுகிற பக்கமாக, எங்கள் ஆராய்ச்சி நிலையம். கடல், கழிமுகம், மீன், நண்டு எல்லாம் ஆராய்வார்கள். அங்கே லைப்ரரியில் நான் அட்டெண்டர். எட்டாவது வரை படித்தேன். புத்தகத்தைத் தூக்குவேன், அடுக்குவேன், தூசி தட்டுவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் சார் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் சும்மா சார்.

"சார், இதை ஜெராக்ஸ் எடுக்க யாரைக் கேக்கணும்?"

"யாரையும் கேக்காதே. சும்மா எடு."

"நான் மெம்பர் இல்லையே சார்."

"சும்மா உக்காரு."

வாட்ச்மேன் யாரையாவது வாசலில் நிறுத்தினால் உள்ளேயிருந்து சத்தம் வரும். "அட, சும்மா விடுப்பா!"

ஒரு நாள் நானே கேட்டுவிட்டேன். "ஏன் சார் சும்மா சும்மா 'சும்மா'ன்னு சொல்றீங்க?"

யோசித்தார். "சும்மாதான்" என்றார்.

அவருக்கு முன்னால் இருந்த லைப்ரரியன் ஒரு சாவிக்கொத்து விட்டுப் போயிருந்தார். அலமாரிக்கு ஒரு சாவி. கையில் எடுத்தால் தோள் இறங்கும். சும்மா சார் அதை பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொண்டார். வேறு எதற்கும் அது பயன்பட்டு நான் பார்க்கவில்லை.

அப்புறம் அந்த ரப்பர் ஸ்டாம்ப். தி. நகரில் சொல்லிச் செய்தது. 'சும்மா எடுக்கலாம். எழுதியவர் பேரைச் சொல்லணும்' என்று இருக்கும். உலகம் முழுக்க இப்படி ஒரு அனுமதி இருக்கிறதாம். கட்டுரையை யாரும் எடுக்கலாம், அச்சடிக்கலாம், பாடம் நடத்தலாம், மொழிபெயர்க்கலாம். யார் எழுதியது என்று சொன்னால் போதும். சார் அந்த அனுமதியைத் தமிழில் இரண்டு வரியாகச் சுருக்கிவிட்டார்.

ஸ்டாம்ப் வந்த வாரம் கையில் கிடைத்ததிலெல்லாம் குத்தினார். நோட்டீஸ், வருகைப் பதிவேடு, பிஸ்கட் டப்பா. என் முழங்கையில்கூட ஒரு தடவை குத்திவிட்டார். தன் குடைப் பிடியில் ஒரு சீட்டு ஒட்டி அதிலும் குத்தி, வாசலில் வைத்தார். மழை வந்தது. குடை போயிற்று.

நாலு நாள் கழித்து அடையாறு சிக்னலில் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் போனார். சார் ஓடிப்போய் மறித்தார்.

"குடை யாருதுப்பா?"

"என்னுது. இன்னா இப்போ?"

"எடுத்தது தப்பில்லப்பா. ஆனா இன்னார் குடைன்னு சொல்லணும். அதான் கண்டிஷன். ஒட்டியிருக்கு பாரு."

அந்த ஆள் சாரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "பெரியவரை வூட்டுக்கு இட்டுக்கினு போ நைனா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, குடையோடு போய்விட்டார்.

இப்படி விளையாட்டாக இருந்தவர் ஒரு நாளில் மாறினார். பாலவாக்கத்திலிருந்து தனசேகர் வந்த நாள் அது.

தனசேகர் கடலுக்குப் போகிறவர். எங்கள் நண்டுப் பேராசிரியருக்கு ஆறு மாதம் படகில் இடம் கொடுத்து, எந்த மாதம் எந்த நண்டு முட்டையோடு வரும் என்று காட்டிக் கொடுத்தவர். பேராசிரியர் அதைக் கட்டுரையாக எழுதி வெளிநாட்டுக் கம்பெனி இதழ் ஒன்றில் போட்டார். கடைசியில் தனசேகருக்கு நன்றி என்று ஒரு வரி. அந்த வரியைத் தன் மனைவிக்குக் காட்டத்தான் அவர் வந்தார். மனைவி பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார்.

சார் கம்ப்யூட்டரில் திறந்தார். தலைப்பு வந்தது. கீழே ஒரு கட்டம் வந்தது. மேலே படிக்க டாலரில் பணம் கட்டு என்றது. எங்கள் நிலையம் அந்த இதழுக்குச் சந்தா கட்டவில்லை.

தனசேகர் கட்டத்தைப் பார்த்தார். "இன்னா சார் இது? என் நண்டு. நான் சொன்னது. அத்த நான் பாக்கறதுக்கு நானே துட்டு குடுக்கணுமா?"

அவர் மனைவி சொன்னார்: "உன் பேரு உள்ள கீதுன்னு சொன்ன. இப்போ பூட்டிக்கினு இல்ல கீது."

சாருக்கு 'சும்மா' என்று சொல்ல முடியாமல் போனதை அன்றுதான் பார்த்தேன். பேராசிரியரிடம் ஓடி அவருடைய பிரதியை வாங்கி வந்து காட்டினார். அவர்கள் சந்தோஷமாகத்தான் போனார்கள். சார் மட்டும் மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"மாணிக்கம், உன் வூட்ல இட்லி மாவு அரைக்கிறீங்க இல்ல?"

"ஆமா சார்."

"அந்த மாவை கடைக்காரன்கிட்ட சும்மா குடுப்பியா?"

"எதுக்கு சார்?"

"குடுத்துட்டு, மாவு புளிச்சிருக்கான்னு உன் பக்கத்து வூட்டுக்காரங்களை சும்மா பாத்துச் சொல்லச் சொல்லுவியா? அப்புறம் உன் மாவையே அவன்கிட்ட காசு குடுத்து வாங்கி இட்லி சுடுவியா?"

"மாட்டேன் சார்."

"நீ எத்தனாவது?"

"எட்டாவது."

"இங்க எல்லாரும் டாக்டர் பட்டம் வாங்கினவங்க. அதையேதான் பண்றாங்க."

எழுதுகிறவருக்கு இதழ்க் கம்பெனி பணம் தருவதில்லை. சரிபார்க்கிற பேராசிரியருக்கும் தருவதில்லை. படிக்க மட்டும் லைப்ரரி பணம் கட்டுகிறது. எனக்கு அன்றுதான் தெரியும். சில கம்பெனி படிக்க விடுகிறது, ஆனால் எழுதினவரிடம் பணம் வாங்கிக்கொள்கிறது. "அது மாவு கொண்டு வந்தவன்கிட்டயே கூலி கேக்கறது" என்றார் சார்.

எங்கள் நிலையத்துக்கு ஒரு சொந்த இதழ் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒன்று வரும். நீளமாக ஆங்கிலப் பெயர். எல்லோரும் பச்சை அட்டை என்போம். காகிதத்தில் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதை வெளிக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாம் என்று அப்போதுதான் பேச்சு ஆரம்பித்தது. கொடுத்துவிட்டால் பச்சை அட்டைக்கும் அந்தக் கட்டம் வந்துவிடும். சாருக்கு ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. அதற்குள் பச்சை அட்டையை யாரும் பணம் கட்டாமல் எழுதவும் படிக்கவும் விட்டுவிட வேண்டும். அவர் போய்விட்டால் இதற்காக மல்லுக்கு நிற்க ஆள் கிடையாது.

கணக்கு அதிகாரி முதல் கேள்வியைக் கேட்டார். "யாரும் பணம் தரலைன்னா பக்கம் கட்டி வடிவமைக்கறதுக்கு, கம்ப்யூட்டருக்கு, எல்லாத்துக்கும் யார் சார் குடுப்பா?"

"நம்ம லைப்ரரி."

"எதுலேருந்து?"

சாரிடம் பதில் இருந்தது. அது நாரில் இருந்தது.

வருஷா வருஷம் ஒரு கம்பெனியிடமிருந்து கட்டாக இதழ்கள் வரும். நாலு நல்லது வேண்டுமென்றால் நாற்பதை வாங்கித்தான் ஆக வேண்டும். சார் ஒரு வருஷத்துக்கு முன்பே மயிலாப்பூர் பூக்காரம்மாவிடம் வாழைநார் வாங்கி வந்து, ஒவ்வொரு இதழையும் சுற்றி ஒரு முடிச்சுப் போடச் சொல்லியிருந்தார். படிக்கிறவர் நாரை அறுத்துத்தான் படிக்க வேண்டும். முடிச்சுகள் எல்லாம் என் கையால் போட்டவை. வருஷக் கடைசியில் போய்ப் பார்த்தோம். அந்த நாலு நல்ல இதழ்களில் நார் அறுந்திருந்தது. மற்றதில் ஒன்றே ஒன்றில் அறுந்திருந்தது. அதைச் செய்தது எலி.

"அந்த ஒரு வாசகருக்காக மொத்தக் கட்டையும் வாங்கறோம்" என்றார் சார். கட்டை நிறுத்துவது, நாலை மட்டும் தனியாக வாங்குவது, மிச்சத்தைப் பச்சை அட்டைக்குத் திருப்புவது. இதுதான் அவருடைய திட்டம்.

அது மட்டும் போதவில்லை. அதனால் மற்ற லைப்ரரிகளிடம் பங்கு கேட்கக் கிளம்பினார். அவருடைய மொபெட்டில் நான் பின்னால். கையில் ஃபைல்.

தி. நகரில் ஒரு காலேஜ் லைப்ரரியன் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு சந்தேகம் என்றார். "சார், நான் பணம் குடுக்கலைன்னா என் பசங்களுக்கு இது கிடைக்காதா?"

"கிடைக்கும்."

"குடுத்தா?"

"அப்பவும் கிடைக்கும்."

"அப்ப எதுக்கு சார் குடுக்கணும்? ஆடிட்காரன் கேட்டா நான் என்ன வாங்கினேன்னு எழுதுவேன்? சும்மா கிடைக்கறதுக்கு பில் ஏது?"

தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். பாண்டி பஜாரில் இரண்டு தடவை தப்பான பக்கம் திரும்பினார். யோசிக்கிறார் என்று புரிந்துகொண்டு நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மயிலாப்பூரில் ஒரு பழைய லைப்ரரி. அங்கே மாமி ஒருவர் லைப்ரரியன். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை சார் திருப்பிக் கேட்டார்.

"அறுபத்துமூவர் திருவிழா அன்னிக்கு உங்க வீட்டு வாசல்ல என்ன பண்ணுவீங்க?"

"எங்காத்துல வருஷா வருஷம் நீர்மோர் குடுக்கறோம். பெரிய அண்டா. நாலு ஆத்து மனுஷா சேர்ந்து பண்றோம்."

"யார் குடிக்கறா?"

"யார் வந்தாலும். பெரம்பூர்லேர்ந்துகூட வரா."

"பெரம்பூர்க்காரா பங்கு குடுத்தாளா?"

மாமி பேனாவைக் கீழே வைத்தார். "பலே, நன்னா மடக்கறேளே" என்றார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஆடிட்டுக்கு என்ன எழுதுவது என்பதையும் மாமியே சொல்லிக் கொடுத்தார். 'சந்தா' என்று எழுதினால்தான் பொருள் எங்கே என்று கேட்பார்கள், 'வெளியீட்டு உதவி' என்று புதுசாக ஒரு தலைப்பு போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அந்த ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு திரும்பத் தி. நகர் போனோம். அவரும் சம்மதித்தார். இந்தத் தடவை காபி.

மேலதிகாரிகளிடம் மட்டும் சாருடைய நீர்மோர்க் கதை செல்லவில்லை. முடிவு கமிட்டியில்தான். அந்த மாடி அறையில்தான்.

மணி நாலரை. ஏசி ஓடவில்லை என்று முன்பே சொன்னேன். எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம், கமிட்டித் தீர்மானம் தமிழில்தான் எழுத வேண்டும். டைரக்டர் அம்மா கொண்டுவந்தது. கணக்கு அதிகாரிக்கு கிண்டி போய் ஆறு பத்து ட்ரெயினைப் பிடிக்க வேண்டும். நண்டுப் பேராசிரியருக்கு இடது காது கேட்காது, சார் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். கம்பெனிக்காரர் வெளி மாநிலம். தமிழ் அரைகுறை.

பச்சை அட்டையைக் கேட்டு வந்த கம்பெனிக்காரர் கலர் கலராகப் படம் காட்டினார். பிறகு சார் எழுந்தார். எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, தீர்மானப் பதிவேட்டில் இணைப்பாக ஒட்டியிருந்தார். பச்சை அட்டையை லைப்ரரியே வெளியிடும். எழுதுகிறவரிடமும் படிக்கிறவரிடமும் பைசா கிடையாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் மாறாத ஒரு எண். மூன்று ஊரில் நகல். எந்த லைப்ரரிப் பட்டியலில் தேடினாலும் கிடைக்கும்படி சேர்ப்பது. பழைய கட்டை நிறுத்துவது. பக்கம் கட்ட ஒரு ஆள். எல்லாம் அதில் இருந்தது. யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. சமோசா அதன் மேல் இருந்தது.

கணக்கு அதிகாரி மேசையைத் தட்டினார். "பச்சை அட்டையைச் சும்மா விடக்கூடாது!"

பேராசிரியர் வலது காதை நீட்டினார். "ஆமாம்! சும்மா விடக்கூடாது! அது நம்ம சொத்து, கம்பெனிக்குக் குடுத்துடறதா?"

"சார், நான் சொன்னது அது இல்ல. சும்மா குடுக்கக்கூடாதுன்னேன்."

"அதான் நானும் சொல்றேன். யாருக்குமே குடுக்கக்கூடாது!"

"ஐயோ, யாரு பேசறாங்க, யாரு கேக்கறாங்க!"

அரை மணி நேரம் இப்படி. நான் இரண்டாவது தடவை டீ கொடுத்தேன். டைரக்டர் அம்மா கர்சீப்பால் விசிறிக்கொண்டார். "போதும். சார், நீங்க ஒரே வரியில சொல்லுங்க. அதைத் தீர்மானமா எழுதிடறேன். சரின்னா கை தூக்குங்க, இல்லைன்னா வேணாம்."

சும்மா சார் சொன்னார்: "பச்சை அட்டையைச் சும்மா விடுவது."

எல்லாக் கையும் உயர்ந்தது.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கணக்கு அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து மூச்சு விட்டார். "அப்பாடா. அதைத்தான் நானும் சொல்றேன். இந்த விஷயத்தைச் சும்மா விட்டுடலாம்." பேச்சையே கைவிட்டாயிற்று, புதுச் செலவு இல்லை என்று அவர் நினைத்தார். "அதைத் தொந்தரவு பண்ணாம சும்மா விட்டாலே போதும்" என்றார் பேராசிரியர். கம்பெனிக்காரர் காதில் 'விடுவது' மட்டும்தான் விழுந்தது போல. இதழைத் தங்களிடம் விட்டுவிட்டார்கள் என்று எழுந்து வந்து சாருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். டைரக்டர் அம்மா பதிவேட்டை என்னிடம் நீட்டினார். நான் ஒவ்வொருவராகக் கொண்டுபோனேன். தீர்மானத்துக்கு ஒரு கையெழுத்து, இணைப்புக்கு ஒரு கையெழுத்து. கணக்கு அதிகாரி நின்றுகொண்டே போட்டார்.

மறுநாள் காலை அவர் லைப்ரரிக்குள் வந்த வேகத்தில் இரண்டு அலமாரி ஆடியது.

"என்ன சார் அநியாயம் இது? சந்தாக் கட்டை நிறுத்தச் சொல்லி என் மேசைக்கே லெட்டர் வருது!"

"தீர்மானம் ஆயிடுச்சே சார். நீங்களும்தான் கை தூக்கினீங்க."

"சும்மா விடுவதுன்னா கண்டுக்காம விடுறது சார்!"

"சும்மான்னா இலவசம் சார். நம்ம வாட்ச்மேனைக் கேளுங்க."

இரண்டு பேரும் டைரக்டர் அம்மாவிடம் போனார்கள். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். சும்மா என்றால் என்ன என்று ஒரு கால் மணி நேரம் அங்கே வாதம். சும்மா இருப்பது, சும்மா வருவது, சும்மா சொல்வது எல்லாம் வந்து போயிற்று. டைரக்டர் அம்மா கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"மாணிக்கம், நீ சொல்லு. என்ன அர்த்தம்?"

நான் பதிவேட்டைப் பிரித்து இணைப்பை எடுத்துக் காட்டினேன். "இதுல வெவரமா இருக்குதுங்க மேடம். கீழ இந்தக் கணக்கு சாரு கையெழுத்தும் இருக்குது. சமோசா எண்ணெய்க்குப் பக்கத்துல."

டைரக்டர் அம்மா பக்கத்தை முழுக்கப் படித்தார். முன்பே படித்தவர் போல வேகமாகப் படித்தார். "இதைப் படிக்காம கையெழுத்துப் போட்டீங்களா சார்?"

"ட்ரெயினுக்கு நேரமாச்சு மேடம்."

"அப்ப இனிமே மாத்த முடியாது. லெட்டர் போகட்டும்."

ஜெயித்தவர் சிரித்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். சார் படிக்கட்டில் நின்றுவிட்டார். முகம் வாடியிருந்தது.

"என்ன சார்?"

"பாத்தியா மாணிக்கம். ஒரே ஒரு பக்கம். சும்மா கையில குடுத்தும் படிக்கல. நாளைக்கு பச்சை அட்டையைத் திறந்து விடறோம். அதையும் யாரும் படிக்கலைன்னா?"

பதிவேட்டைத் தோள் மாற்றி வைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு அந்தக் கவலை கிடையாது. கென்யாவிலிருந்து ஒருவர் நம் நண்டைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார். இன்னும் இரண்டு காலேஜ் பங்கு சேர்ந்திருக்கிறது. கணக்கு அதிகாரியே விருந்தாளிகளிடம் "எங்க லைப்ரரி வெளியிடறது" என்று பெருமையாகக் காட்டுகிறார். சார் மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்து தினமும் போன் செய்து புது இதழ் எப்போது என்று நச்சரிக்கிறார்.

ஆனால் பச்சை அட்டை கம்ப்யூட்டரில் திறந்த அந்த முதல் நாள் வேறு. சாருக்கு அது வேலையில் கடைசி நாளுக்கு முந்தின நாள். எத்தனை தடவை திறந்தார்கள் என்று பக்கத்தின் கீழே ஒரு எண் காட்டும். காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி ஆறிற்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு அது நாலு காட்டியது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் வீட்டை ஆற்றங்கரையிலிருந்து ஊருக்கு வெளியே மாற்றி வருஷமாகிறது. வீடு போய்ச் சேர இரண்டு பஸ். அன்றைக்கு உட்கார இடம் கிடைத்தது. கையில் போன் இருந்தது.

மறுநாள் காலை அது நாற்பத்தைந்து காட்டியது. சார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று இன்னொரு தடவை படித்தார். "மாணிக்கம்! ஜனங்க படிக்கறாங்கப்பா!" என்று கத்தினார். லைப்ரரியில் கத்தக்கூடாது என்று அவரே எழுதி வைத்த போர்டுக்குக் கீழே நின்று கத்தினார். வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் காபி வாங்கினார். எனக்கு மட்டும் இரண்டு.

இரண்டையும் குடித்தேன்.

அந்த நாற்பத்தைந்தில் நான் அமுக்கினது முப்பத்தொன்பது.